தீக்கப்பல் கேப்டனின் உயரம்

கொரந்தேன் கெர்னேஸ் என்ற பிரெஞ்சுக்காரர் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றார் என்பதில் எங்கள் தீவின் மாவோன் துறைமுகத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அவர் என்ன பதவியில் இருந்தவர் என்பதில்தான் சந்தேகம். அந்த வருஷம் கோதுமை விலை ஏறியிருந்தது. எங்களை ஆண்டுகொண்டிருந்த ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் மறுபடி சண்டை மூண்டிருந்தது. வடகாற்று வழக்கமான மாதத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. கெர்னேஸின் உயரத்தை முதலில் அளந்தவர்கள் மீன் விற்கும் பெண்கள். ஒருத்தி அவருடைய பூட்ஸுக்கு அடியில் கையை விரித்து வைத்துப் பார்த்து, சாண் சரியாக இருக்கிறது என்றாள். சுங்கக்காரர் தன் கோலை நீட்டி அளந்துவிட்டு, பெண்கள் சாணுக்குச் சரி, ஆண்கள் சாணுக்குக் கொஞ்சம் குறைவு என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவரைக் கரைக்குக் கொண்டுவந்தவர் பர்தொமெவ் என்ற மீனவர். தீவுக்குக் கிழக்கே ஒரு கப்பல் நீர்மட்டம் வரை எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்துப் படகை அந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார். எரிந்த கப்பலில் ஆள் இல்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு சின்னப் படகு. அதில் நீலக் கோட்டு போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார், ஆனால் படகு காலிப் படகு போல நீரில் அழுந்தாமல் துள்ளிக்கொண்டிருந்தது. ஆள் செத்து உலர்ந்து போயிருப்பான் என்று நினைத்துக் கிட்டே போனபோது அந்த ஆள் எழுந்து வணக்கம் சொன்னார். பர்தொமெவ் அவரைத் தன் படகுக்கு மாற்றிக்கொண்டார். "கால ஊனி நில்லுங்க ஐயா, அலை அடிக்குது" என்றார். "ஊனித்தான் நிக்கிறேன்" என்றார் பிரெஞ்சுக்காரர். பர்தொமெவ் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து துடுப்பைப் போட ஆரம்பித்தார். கரை சேரும்வரை மீன் கூடையை மட்டும் அவர் கைக்கு எட்டாத பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டாராம். மிதக்கிறவனைக்கூட நம்பலாம், பிரெஞ்சுக்காரனை நம்பக்கூடாது என்பது அவர் கட்சி.

கடல்வழி வந்த யாரையும் முதலில் நோய்த்தடுப்புக் கொட்டகையில் வைத்துப் பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம். வைத்தியர் நாக்கை நீட்டச் சொன்னார், அக்குளைத் தொட்டுப் பார்த்தார், கொள்ளைநோய் இல்லை என்றார். காலைப் பற்றிக் கேட்டவர்களிடம், அது தொற்றுகிற சமாச்சாரம் இல்லை என்று சொல்லிவிட்டார். பாதிரியார் வந்து புனித நீர் தெளித்தார். கெர்னேஸ் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நன்றி சொன்னார். பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து சண்டைக்கு வந்து பிடிபட்டு ஏற்கெனவே அங்கே அடைபட்டிருந்த ஒரு ஸ்பானிய அதிகாரி ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க நாட்டுல புனிதர்கள்தான் இப்பிடி எழும்புவாங்க. ஆனா புனிதர்களுக்குக் கடற்படையில உத்தியோகம் கெடையாது. அதனால இந்த ஆள எங்க உக்கார வெக்கிறதுன்னு எனக்குத் தெரியல" என்றார்.

ஆங்கிலேய ஆளுநரின் செயலாளர் ட்ரெஸ்காட் யாரையும் நம்பாதவர். சமையல்காரி வைத்த சூப்பை அவளே முதலில் குடித்துக் காட்ட வேண்டும். தன் குதிரை ஸ்பானியச் சொல்லுக்குத் திரும்புகிறதா என்றுகூடச் சோதித்துப் பார்ப்பார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. எங்கள் தீவு ஒரு தலைமுறைக்குள் இங்கிலீஷ் கொடி, பிரெஞ்சுக் கொடி, மறுபடி இங்கிலீஷ் கொடி என்று பார்த்துவிட்டது. எந்தக் கொடி ஏறினாலும் ஒரே குரலில் வாழ்த்துச் சொல்ல ஊர்ஜனம் பழகியிருந்தது. அப்படிப்பட்ட வாழ்த்தைக் கேட்கிறவனுக்குத் தூக்கம் வராது. பிரெஞ்சுக்காரர் மிதக்கிறார் என்றதும் ட்ரெஸ்காட் கேட்ட முதல் கேள்வி, இப்படி இன்னும் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள், கோட்டை மதிலைத் தாண்டும் அளவுக்கு யாராவது ஏறுவார்களா என்பது. இரண்டாவது நாள் வடகாற்று கெர்னேஸைச் சுவரோரமாகவே தள்ளிக்கொண்டு போய்க் கயிற்றுப் பட்டறையில் சேர்த்தது. அவர் தப்பப் பார்த்தார் என்று ட்ரெஸ்காட் முடிவு கட்டினார். கணுக்காலில் சங்கிலி போட்டு ஒரு பீரங்கிக் குண்டைக் கட்டிவிட்டார்கள். கொடுமை என்று யாரும் சொல்லவில்லை. கெர்னேஸே, இப்போதுதான் நிம்மதியாகக் கண்ணயர முடிகிறது என்றார்.

அவருடைய பதவி எங்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், அதற்கு முந்தின வசந்தத்தில் எங்கள் ஊர்க் கப்பல் ஒன்று பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்டிருந்தது. எதிரிநாட்டுச் சரக்குக் கப்பல்களை மடக்க அரசு அனுமதியோடு போன கப்பல் அது. அதிலிருந்த எங்கள் ஆட்கள் பதினைந்து பேர் பிரெஞ்சுத் துறைமுகமான தூலோனில் பாய்மரம் பிடுங்கப்பட்ட ஒரு பழைய கப்பலுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். இரண்டு அரசுகளும் கைதிகளை மாற்றிக்கொள்ள உடன்படிக்கை செய்திருந்தன. அதிகாரிக்கு அதிகாரி, அல்லது அதிகாரிக்கு ஈடாக இத்தனை மாலுமிகள். பிடிபட்ட பிரெஞ்சுக்காரர் கேப்டன் என்றால் பதினைந்து பேரும் வீடு திரும்பலாம். லெஃப்டினன்டுக்குக் கீழே என்றால் நாலு பேர்தான். நாலு பேர் என்றால் யார் அந்த நாலு பேர் என்பதைக் கப்பல் முதலாளி சொல்வார். அவருடைய தங்கை மகன்கள் இரண்டு பேர் உள்ளே இருந்தார்கள், மச்சான் ஒருவர், கணக்கப்பிள்ளை ஒருவர். நாலு ஆயிற்று. பீரங்கிக்காரன் பியெல் கொமிலா போன வருஷம் முதலாளியை நடுச்சந்தையில் திருடன் என்று சொன்னவன். அவன் பெயரை முதலாளி சொல்லப்போவதில்லை என்பது அவன் மனைவி ஜொவானாவுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

பதவியைத் தீர்மானிக்க வேண்டியவர் லொரென்ஸ் சிந்தெஸ். அவருக்குத் துறைமுகத்தில் வரிசைக்காரர் என்று பெயர். எந்த நாட்டுக் கப்பல் வந்தாலும் அதன் அதிகாரி யாருக்குச் சமம், ஆளுநர் வீட்டு மேசையில் எங்கே உட்கார வேண்டும், அவருக்கு எத்தனை குண்டு முழங்க வேண்டும், யார் முதலில் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்று சொல்வது அவர் வேலை. கேட்க எளிதாக இருக்கும். இங்கிலீஷ்காரரிடம் ஒரு சின்னக் கப்பலை நடத்துகிறவரையும் மரியாதைக்குக் கேப்டன் என்பார்கள், ஆனால் நியமனம் பெற்ற கேப்டனுக்கு முன்னால் அவர் வாய் திறக்க முடியாது. பிரெஞ்சுக்காரரிடம் லெஃப்டினன்டிலேயே இரண்டு ஜாதி, அதில் ஒருவர் என்சைன் என்ற இளநிலை அதிகாரிக்கும் கீழே. ஸ்பானியக் கடற்படையில் பிரிகேடியர் என்று ஒருவர் வருவார், கேட்டால் தரைப்படைக்காரர் என்று தோன்றும், ஆனால் எந்தக் கேப்டனுக்கும் மேலே. ருஷ்யர்கள் தங்கள் கேப்டன்களை மாவு சலிப்பது போல முதல் தரம், இரண்டாம் தரம் என்று சலித்து வைத்திருந்தார்கள். லொரென்ஸ் வேலைக்கு வந்த புதிதில் ஒரு டச்சு அதிகாரி வந்தார். அவர் பட்டத்தைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் இராக்காவல்காரர் என்று வந்தது. லொரென்ஸ் அவரை அடுக்களையில் வாயிற்காவலனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். டச்சுக்காரர் நத்தைக் கறியை ரசித்துச் சாப்பிட்டுவிட்டுக் கப்பலுக்குப் போனார். அவர் அட்மிரல் வரிசையைச் சேர்ந்தவர் என்று பிறகு தெரிந்தது. துறைமுகம் பீரங்கி முழக்கி மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு லொரென்ஸ் தீர விசாரிக்காமல் யார் பதவியையும் சொன்னதில்லை, விசாரித்துச் சொன்னதை மாற்றிக்கொண்டதும் இல்லை.

லொரென்ஸைப் பற்றி ஊருக்குத் தெரிந்த இன்னொரு விஷயம் உண்டு. பியெலுக்கு முன்னால் ஜொவானாவைப் பெண் கேட்டவர் அவர். அவள் அப்பா சம்மதித்தார், அவள் சம்மதிக்கவில்லை. அவர் பிறகு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தூணுக்கு இந்தப் பக்கம் அவர் உட்காருவார், அந்தப் பக்கம் அவள் உட்காருவாள். பியெல் பிடிபட்ட பிறகு அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார ஆரம்பித்ததாகச் சிலர் சொன்னார்கள். தூண்தான் நகர்ந்தது என்று சொன்னவர்களும் உண்டு.

விசாரணை ஆளுநர் மாளிகையில் நடந்தது. கெர்னேஸின் கோட்டு எரிந்து கருகியிருந்ததால் அதன் சரிகையை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. கால்சட்டை சாம்பலாகவே போயிருந்தது, யாரோ ஒரு ஆங்கிலேயரின் வெள்ளைக் கால்சட்டையைக் கொடுத்திருந்தார்கள். பிரெஞ்சுக் கடற்படையில் பரம்பரைப் பிரபுக்கள் சிவப்புக் கால்சட்டை போடுவார்கள், சண்டைக்காலத்துக்கு மட்டும் வணிகக் கப்பல்களிலிருந்து கூப்பிட்டுக்கொள்கிறவர்கள் நீலம் போடுவார்கள். அதுவும் இப்போது பார்க்கக் கிடைக்கவில்லை. உயரத்தை வைத்துச் சொல்லலாமே என்று ஓர் இளம் லெஃப்டினன்ட் யோசனை சொன்னார். லெஃப்டினன்ட் தரையில் நிற்கிறார் என்றால் சாண் உயரத்தில் நிற்பவர் கேப்டனாகத்தானே இருக்க வேண்டும் என்றார். அப்படியானால் ஆளுநர் எங்கே நிற்க வேண்டும் என்று ட்ரெஸ்காட் கேட்டதும் அவர் உட்கார்ந்துவிட்டார்.

என்ன பதவி என்று கேட்டதற்குக் கெர்னேஸ், கேப்டன் என்றார். அறையில் இருந்த ஆங்கிலேயர்கள் தலையாட்டினார்கள். வெளியே ஜன்னலடியில் நின்ற பெண்கள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள். லொரென்ஸ் மட்டும் இன்னொரு கேள்வி கேட்டார். "எதுக்குக் கேப்டன்?"

"தீக்கப்பலுக்கு" என்றார் கெர்னேஸ். அவர் பிரெத்தோன் கடற்கரையில் வெங்காயம் ஏற்றிப் பிழைத்தவர். சண்டை வந்ததும் நீலக் கோட்டு கொடுத்துக் கூப்பிட்டார்கள். கீலும் வெடிமருந்தும் அடைத்த ஒரு கிழட்டுக் கப்பலைக் கொடுத்து, எதிரிக் கூட்டத்துக்குள் ஓட்டிக்கொண்டு போய்க் கொளுத்திவிட்டுச் சின்னப் படகில் திரும்பி வா என்றார்கள். "இந்த வேலைக்குப் பெரிய வீட்டுப் பிள்ளைங்கள அனுப்ப மாட்டாங்க. திரி போட்டேன். எதிரி காத்துக்குத் தக்கபடி வெலகிட்டான். என் கப்பல் மட்டும் எரிஞ்சுது. படகுல எறங்கினப்போ ஏதோ வெச்சிட்டு வந்த மாதிரி இருந்துச்சு. தொப்பியான்னு தடவிப் பாத்தேன், தொப்பி இருந்துது. அப்புறம்தான் தெரிஞ்சுது, என் கனம் கப்பல்லயே நின்னுபோச்சு." இதை அவர் பெட்டியைக் கரையில் மறந்துவிட்டவர் போலச் சொன்னார்.

லொரென்ஸுக்கு விளங்கிவிட்டது. ஆங்கிலேயரிடம் தீக்கப்பலை நடத்துகிறவரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். பிரெஞ்சுக்காரரிடமும் பெயரில் கேப்டன் உண்டு, ஆனால் அவர்கள் வரிசையில் தீக்கப்பல் கேப்டன் கப்பல் லெஃப்டினன்டுக்குக் கீழே. கெர்னேஸ் நாலு பேர் பெறுவார். ஞாயிற்றுக்கிழமைவரை அவகாசம் வேண்டும் என்று சொல்லிவிட்டு லொரென்ஸ் வீட்டுக்கு நடந்தார். விசாரிக்க இனி ஒன்றும் இல்லாத ஒரு விஷயத்துக்கு அவர் அவகாசம் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் சந்தையைத் தாண்டும்போது ஒரு மீன்காரி, "தராசு உங்க கையிலதான் இருக்காம் ஐயா. எங்க வீட்டுத் தராசுல கட்டைவிரல் வெச்சு அழுத்துனா சுங்கக்காரர் அபராதம் போடறாரு. உங்களுக்கு யாரு போடுவா?" என்று கேட்டாள். அவர் நிற்கவில்லை.

மறுநாள் காலையில் ஜொவானா அவர் வீட்டுக்குப் போனாள். அங்கே நடந்த பேச்சு எங்களுக்குத் தெரிவதற்குக் காரணம், சுவருக்கு அந்தப்புறம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் எல்லாவற்றையும் கேட்டாள். அன்றைக்கு அவள் ஒரே துப்பட்டியை நாலு தடவை பிழிந்தாள் என்பார்கள். லொரென்ஸ் முற்றத்தில் நாணல் பாய் விரித்து அத்திப்பழம் பரப்பிக்கொண்டிருந்தார்.

"உக்காரு" என்றார்.

"உக்கார வரல. ஊரே கேப்டன்னு சொல்லுது. நீ மட்டும் ஏன் வாயத் தெறக்க மாட்டேங்கற?"

"பேருதான் கேப்டன். அவங்க வரிசையில லெஃப்டினன்டுக்கும் கீழ."

"அப்ப அந்தப் பேரச் சொல்லிட்டுப் போயேன். பொய்யில்லயே அது."

"கேக்கறவன் தப்பா வெளங்கிக்குவான்னு தெரிஞ்சு சொன்னா பொய்தான் ஜொவானா."

"நாலு பேருதான் வருவாங்க. அதுல அவரு இருக்க மாட்டாரு. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

 "உன் உண்மை எப்பவும் உனக்குத் தோதான எடத்துலயே வந்து நிக்குதே லொரென்ஸு" என்றாள்.

"அதுதான் எனக்கும் புடிக்கல" என்றார் அவர். ஒரு பழத்தைத் திருப்பிப் போட்டார். "ட்ரெஸ்காட்டப் பத்தி உனக்குத் தெரியுமா? சொல்றத விட, சொல்றவனுக்கு அதுல என்ன லாபம்னுதான் பாப்பாரு. லாபம் இருக்கிறவன் சூரியன் கெழக்க உதிக்குதுன்னு சொன்னாலும் மேற்குப் பக்கம் போய் நிப்பாரு. எனக்கு இதுல லாபம் இருக்குன்னு அவருகிட்ட இன்னும் யாரும் சொல்லல."

ஜொவானா அவரை உற்றுப் பார்த்தாளாம். "சொன்னா உன் வேலை போயிடும்" என்றாள்.

"காத்து ஏறுது. பாய்க்குக் கல்லு வெக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் கல் தேடப் போனார்.

அவர் அவளுக்கு வழி காட்டினாரா, அல்லது பயத்தில் புலம்பினாரா என்று இன்றைக்கும் எங்கள் ஊரில் இரண்டு கட்சி உண்டு. அவர் அப்படி ஒன்றும் சொல்லவேயில்லை, சுவருக்கு அந்தப்புறம் இருந்தவள் கட்டிச் சொல்கிறாள் என்பது மூன்றாவது கட்சி. எது எப்படியோ, ஜொவானா அங்கிருந்து நேராக மாளிகைக்குப் போனாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு ட்ரெஸ்காட் முன்னால் நின்று, "ஐயா, அந்த லொரென்ஸ் என்னக் கட்டிக்கணும்னு நெனச்ச ஆளு. அந்த நெனப்பு இன்னும் போகல. என் புருஷன் திரும்பி வரக்கூடாதுன்னு என்ன வேணா சொல்லுவாரு" என்றாள். அவர் உன்னிடம் ஏதாவது சொன்னாரா என்று ட்ரெஸ்காட் கேட்டார். "வாயால ஒன்னும் சொல்லல. பாக்கற பார்வையில தெரியாதா ஐயா, எது எந்தப் பார்வைன்னு?" ட்ரெஸ்காட் அவளையும் சந்தேகப்பட்டார். அவளுக்கும் இதில் லாபம் இருந்தது. ஆனால் அவள் லாபம் எல்லோருக்கும் தெரிந்த லாபம், லொரென்ஸின் லாபம் மறைந்து கிடந்த லாபம். மறைந்து கிடப்பதைத்தான் ட்ரெஸ்காட் பெரிதாக எண்ணுவார். இத்தனைக்கும் அவள் பொய் சொன்னதாகச் சொல்ல முடியாது. லொரென்ஸ் எதையும் சொல்வார் என்ற ஒரு வார்த்தையைத் தவிர மற்றதெல்லாம் நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் லொரென்ஸ் வந்து, இவர் தீக்கப்பல் கேப்டன், பிரெஞ்சுக் கடற்படையில் இது லெஃப்டினன்டுக்குக் கீழே, இவருக்கு ஈடு நாலு மாலுமிகள் என்று ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். ட்ரெஸ்காட் இறகுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க கல்யாணம் ஆனவரா சிந்தெஸ்?"

"இல்லீங்க."

"ஏன்?"

 அறையில் இருந்தவர்கள் லொரென்ஸின் காது சிவந்ததைப் பார்த்தார்கள். "சரி, நீங்க போகலாம்" என்றார் ட்ரெஸ்காட். அன்றைக்கே கெர்னேஸைக் கேப்டன் என்று தீர்மானித்து, பதினைந்து பேருக்கு ஈடாகத் தூலோனுக்குச் சேதி அனுப்பினார்கள். லொரென்ஸின் வேலை இன்னொருவருக்குப் போயிற்று. அவர் வாழ்நாளில் சொன்ன எத்தனையோ பதவிகளில் நம்பப்படாமல் போனது அது ஒன்றுதான்.

கைதிகளை மாற்ற வந்த பிரெஞ்சுக் கப்பல் வெள்ளைக் கொடியோடு துறைமுக வாயிலில் வந்து நின்றபோது ஊர் முழுக்கக் குன்றின்மேல் ஏறியிருந்தது. ஒருவரும் மகிழ்ச்சியாக இல்லை. கெர்னேஸ் நிஜமான கேப்டன் இல்லை என்று பிரெஞ்சுக்காரர்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் பக்கம் பொறுப்பாக வந்தவர் தெ வாரெனாக் என்ற பிரபு. சிவப்புக் கால்சட்டை, பெரிய போர்க்கப்பலின் நிஜமான கேப்டன், மாமன் மச்சான் எல்லோரும் அட்மிரல்கள். இங்கிலீஷ் கப்பலின் மேல்தளத்தில் கைமாற்ற வேண்டும் என்று ஏற்பாடு. கெர்னேஸின் சங்கிலியைக் கழற்றியிருந்தார்கள். காற்று அன்றைக்கு அடங்கியிருந்தது. பர்தொமெவ்தான் கரையிலிருந்து அதிகாரிகளைப் படகில் கொண்டுபோனவர், அதனால் நடந்ததை அவர் கண்ணால் பார்த்தார்.

தெ வாரெனாக் கப்பலின் பக்கவாட்டு ஏணியில் ஏறி வந்தார். தளத்துக்கு மேலே தலை வந்ததும் அவர் கண்ணுக்கு முதலில் பட்டது தரையைத் தொடாத இரண்டு பூட்ஸ். அதற்கு மேலே பார்த்தார். ஒரு மனிதர், சூரியனுக்கு முன்னால், எல்லோரையும்விடச் சாண் உயரத்தில் நின்றார். எந்த நாட்டுக் கடற்படையாக இருந்தாலும், உயரத்தில் நிற்பவனைப் பார்த்ததும் கை தானாகத் தொப்பிக்குப் போகும்படிதான் பன்னிரண்டு வயதிலிருந்தே பழக்குகிறார்கள். தெ வாரெனாக் தொப்பியைக் கழற்றிவிட்டார். ஆங்கிலேயர்கள் அதுவரை தொப்பியோடுதான் நின்றார்கள், பிரெஞ்சுக்காரரே கழற்றியதும் அவர்களும் கழற்றினார்கள். அதற்குப் பிறகுதான் தெ வாரெனாக், ஐயா எந்தக் கப்பலைச் சேர்ந்தவர் என்று கேட்டார்.

"தீக்கப்பல்" என்றார் கெர்னேஸ். அவரும் பொய் சொல்லும் ஆள் இல்லை.

தொப்பி கையில் இருந்தது. எதிரிகள் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் குடும்பத்தில் ஒருவன் வெங்காயம் ஏற்றியவனுக்கு முதலில் தொப்பி கழற்றினான் என்று அது ஐரோப்பா முழுக்கப் போகும். தெ வாரெனாக் கெர்னேஸின் பூட்ஸை ஒரு தடவை பார்த்தார், ட்ரெஸ்காட்டை ஒரு தடவை பார்த்தார். இந்த ஆங்கிலேயர்கள் என்னை அவமானப்படுத்தவே இவனைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள் என்று அவருக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கடைசியில் அவர், "கேப்டன் அவர்களே, மன்னர் உங்களுக்காகப் பதினைந்து பேரை அனுப்பியிருக்கிறார்" என்றார், ஒவ்வொரு எழுத்தாக. கெர்னேஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தெ வாரெனாக் அவர் முழங்கையைப் பிடித்து ஏணிப் பக்கம் நகர்த்தினார். பிடித்து இழுக்க ஒரு விரல் போதுமானதாக இருந்ததாம்.

பியெல் கொமிலா வீடு திரும்பினான். தாடி நெஞ்சுவரை வளர்ந்திருந்தது. தூலோனிலிருந்து அவன் கொண்டுவந்தது இருமலும், யார் பேசினாலும் வாயைப் பார்க்காமல் கையைப் பார்க்கிற வழக்கமும். மூன்று நாளைக்குள் யாரோ அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். வரிசைக்காரர் உன்னை அங்கேயே விடப்பார்த்தார், உன் மனைவி அவர் வீட்டு முற்றத்துக்குப் போய்த்தான் காரியத்தை முடித்தாள். முற்றத்தில் என்ன முடிந்தது என்று சொன்னவர்கள் சொல்லவில்லை. "அந்த ஆளு உன்ன ஏன் பாக்கணும்?" என்று பியெல் கேட்டான். "அவருக்குக் கண்ணு இருக்கு, பாக்கறாரு. நான் பாத்தேனான்னு கேளு, அதுக்கு வேணா பதில் சொல்றேன்" என்றாள் ஜொவானா. அவன் கேட்கவில்லை. இல்லை என்றுதான் பதில் வரும் என்பது அவனுக்குத் தெரியும், அதைத் தன்னால் நம்ப முடியாது என்பதும் தெரியும். ஒரு பெண் பிறந்தது, பிறகு ஒரு பையன். பியெல் இரண்டையும் தொட்டிலில் குனிந்து வெகுநேரம் மூக்கைப் பார்த்தான். இரண்டுக்கும் அவன் மூக்குத்தான். அப்போதும் வாசலுக்கு முகம் காட்டியே உட்கார்ந்து சாப்பிட்டான்.

ஸ்பானியர்கள் படையெடுத்து வந்தார்கள், கோட்டை மாதக்கணக்கில் முற்றுகையில் இருந்தது, எலுமிச்சம்பழம் இல்லாமல் ஈறு நோய் வந்து ஆங்கிலேயப் பட்டாளம் பல் விழுந்து சரணடைந்தது. ட்ரெஸ்காட் தன்னைக் கப்பலுக்குக் கொண்டுபோன படகோட்டியின் இடுப்பில் கத்தி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். ஊர் புதிய கொடிக்கு வாழ்த்துச் சொன்னது. லொரென்ஸ் கயிற்றுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, சணலைத் தோளில் சுற்றிக்கொண்டு நாளெல்லாம் பின்னோக்கி நடந்தார். கோயிலில் அவர் தூணை விட்டுக் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். அதையும் சிலர் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள்.

ஒரு மத்தியானம் பியெல் பட்டறைக்குப் போனான். மற்ற ஆட்கள் சாப்பிட ஒதுங்கியிருந்தார்கள், ஆனால் காதுக்கு எட்டுகிற தூரத்தில்தான்.

"நான் அங்கயே கெடந்து சாகணும்னு நெனச்சியா?" என்றான் பியெல்.

லொரென்ஸ் சணலை இறக்கி வைத்தார். "நெனச்சேன். பல தடவ நெனச்சேன். ஆனா நான் சொன்னது அதுக்காக இல்ல. அந்த ஆளு பதவி அதுதான்."

"அத எப்பிடி நான் நம்பறது?"

"நம்ப வேணாம்" என்றார் லொரென்ஸ். "யாரும் நம்பாததுனாலதான் நீ வீட்ல இருக்க."

பியெல் நின்றான். அவன் கையைப் பார்க்கிறவன், லொரென்ஸின் கைகள் சணலால் அறுந்து தழும்பேறிக் கிடந்தன. நம்பினானா என்று தெரியாது. கீழே கிடந்த கயிற்றின் மறுமுனையை எடுத்து இழுத்துப் பிடித்தான். லொரென்ஸ் முறுக்கினார். மற்றவர்கள் சாப்பிட்டுத் திரும்பும்வரை இரண்டு பேரும் ஒரு முழுக் கயிற்றைத் திரித்து முடித்தார்கள். அன்று ராத்திரி பியெல் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டதாக ஜொவானா பக்கத்து வீட்டில் சொன்னாள். லொரென்ஸுக்கும் அவனுக்கும் சிநேகம் வளரவில்லை. பார்த்தால் தலையசைப்பார்கள்.

சண்டை ஓய்ந்தபின் ஒரு இலையுதிர் காலத்தில் கெர்னேஸ் வெங்காயம் ஏற்றிக்கொண்டு எங்கள் துறைமுகத்துக்கு வந்தார். அமைதி வந்ததும் கடற்படை நீலக் கோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டது. தெ வாரெனாக் சொன்ன கேப்டன் பதவி அந்தக் கப்பல் தளத்தோடு முடிந்துபோன ஒன்று. இப்போது அவருக்கு எந்த நாட்டிலும் எந்த வரிசையிலும் இடமில்லை, ஆனாலும் அதே சாண் உயரத்தில்தான் நின்றார். ஸ்பானியச் சுங்கக்காரர்கள் வெங்காயத்தை எண்ணினார்கள், காலை எண்ணவில்லை. ஒவ்வொரு வருஷமும் வர ஆரம்பித்தார். வந்தால் பியெல் வீட்டில்தான் சாப்பாடு. சரக்கில் ஏமாற்றுகிறாரோ என்று பியெல் ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துப் பார்ப்பான், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் உட்கார்ந்து தக்காளியும் பூண்டும் போட்ட ரொட்டி சூப்பைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே ஜொவானா வீடு பெருக்குவாள். துடைப்பம் அவர் காலுக்கு அடியில் போய் மறுபக்கம் வரும். காலைத் தூக்குங்கள் என்று சொல்லாமலே பெருக்க முடிகிற விருந்தாளி இவர் ஒருவர்தான் என்று அவள் சொல்வாள், குப்பையை வாசலுக்குத் தள்ளியபடி.